கல்லீரலைக் காக்கும் மூலிகையும் கன உலோக நஞ்சும்

புனே மாநகரின் மேற்குப் புறத்தில் பாணேர் என்றோர் ஊர் உண்டு. 1997ஆம் ஆண்டில் மாநகராட்சியுடன் இணைக்கப்படும் வரை அது வயல்கள் சூழ்ந்த சிற்றூராகவே விளங்கிற்று. இன்றோ குன்றின் அடிவாரம் வரை அடுக்கு மாளிகைகள் எழுந்துவிட்டன. தொழில் நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவும் அங்கே குடியேறியுள்ளன. மழைக்காலம் பிறந்ததும் குன்றின் சரிவிலும், வீதியோரத்திலும், கட்டடம் எழக் காத்துக் கிடக்கும் வெற்று மனைகளிலும் ஒரு சிறு செடி முளைக்கிறது. இலைக் காம்பின் அடிப்புறத்தில் கடுகையொத்த காய்கள் வரிசையாகத் தொங்கும் அச்செடியைக் கண்டதும் நம்மவர் முகம் மலரும். அது நம் ஊர்க் கீழாநெல்லியே அன்றோ! மராட்டியர் அதனை ‘புயீ ஆவளா’ என்பர்; நிலத்து நெல்லி என்பது அதன் பொருள்.

மஞ்சட் காமாலைக்குக் கீழாநெல்லி என்பது தமிழ் மக்கள் வழிவழியாகக் கைக்கொண்டு வரும் மருத்துவம். அந்நம்பிக்கை இன்று புதியதொரு துறையிலும் கால் வைத்துள்ளது. மின்கலம் பழுது பார்ப்போரும், உலோகத்திற்கு முலாம் பூசுவோரும், பழைய இரும்பும் ஈயமும் உருக்குவோரும் பிம்ப்ரி, சிஞ்ச்வட் போன்ற தொழிற்பகுதிகளில் ஆயிரக்கணக்கில் உள்ளனர். அவர்களுள் ஒருவர், “நாள்தோறும் காலையில் கீழாநெல்லிச் சாறு அருந்துகிறேன்; உடலில் சேரும் காரீயம் முழுவதும் கழுவப்பட்டுவிடும்; ஆதலின் எனக்குச் சோதனையும் வேண்டா, முகமூடியும் வேண்டா” என்று கருதினால், அக்கருத்து சரியாகுமா? இக்கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். விடையைப் பொறுத்து அவருடைய நலம் மட்டுமன்று, அவர் வீடு திரும்பியதும் ஓடி வந்து மடியில் ஏறும் குழந்தையின் நலமும் அமைந்திருக்கிறது.

முதற்கண் கன உலோகங்கள் யாவை என்பதைக் காண்போம். காரீயம், பாதரசம், காட்மியம் ஆகிய மூன்றையும், உலோகத்தின் இயல்பும் பிற இயல்பும் கலந்த ஆர்சனிக்கையும் நஞ்சியல் அறிஞர்கள் ஒன்றாக வைத்து எண்ணுவர். வெள்ளைப் பாஷாணம் என்று நம் முன்னோர் அஞ்சியது ஆர்சனிக்கின் ஒரு வடிவமே. இரும்பும் துத்தநாகமும் செம்பும் சிறிதளவில் உடலுக்கு இன்றியமையாதவை. மேற்சொன்ன நான்குக்கும் மனித உடலில் ஒரு வேலையும் இல்லை. தேள் கொட்டியது போல் உடனே தெரியும் நஞ்சும் அன்று இது. நாளும் சிறிது சிறிதாகச் சேர்ந்து, பல்லாண்டு கழித்துத் தன் தீமையைக் காட்டுவதே இவற்றின் இயல்பு.

இனிக் கல்லீரலின் பணியை நோக்குவோம். வயிற்றின் வலப்புறம் விலாவெலும்புகளின் மறைவில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம் எடையுடன் அமைந்துள்ள இவ்வுறுப்பு, உடலின் சுங்கச் சாவடி எனத் தகும். குடல் உறிஞ்சிய உணவுச் சத்துகளில் பெரும்பாலானவை வாயில் நாளம் என்னும் பெருநாளத்தின் வழியே முதலில் இங்குதான் வந்து சேர்கின்றன. இதயம் வெளியேற்றும் குருதியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு கல்லீரலினூடே பாய்கிறது. உண்டதில் நல்லது எது, தீயது எது எனப் பிரித்துத் தீயதை மாற்றியமைத்துப் பித்தநீர் வழியாகவோ சிறுநீரகத்தின் வாயிலாகவோ வெளியே அனுப்புவது அதன் கடமை. சோற்றிலும் நீரிலும் கலந்து வரும் உலோக நஞ்சை எதிர்கொள்ளும் முதற் காவலனும் அதுவே.

காவலன் என்றால் படைக்கலம் வேண்டும் அன்றோ? கல்லீரலின் உயிரணுக்களில் குளுட்டாதயோன் என்னும் பொருள் மிகுதியாக உண்டு. அதன் சிறப்பு, அதனுள் அடங்கிய கந்தகத்தில் இருக்கிறது. காரீயமும் பாதரசமும் காட்மியமும் கந்தகத்தின்பால் தணியாத வேட்கை உடையவை. அதனைக் கண்ட இடத்தில் பற்றிக்கொள்ளும். குளுட்டாதயோன் தன்னையே இரையாக ஈந்து உலோகத்தைப் பிணித்துவிடுகிறது. ஆயினும் வரத்து மிகுமாயின் குளுட்டாதயோனின் கையிருப்புக் கரைந்துபோகிறது. அதன் பின்னர் உலோகம் உயிரணுவின் நொதிகளில் உள்ள கந்தகத்தைப் பற்றி அவற்றைச் செயலறச் செய்யும். பிராணவாயுவிலிருந்து பிறக்கும் தீவிரமான துணுக்குகளை அடக்குவாரின்றி, அவை உயிரணுவின் கொழுப்புச் சவ்வைத் துருப்பிடிக்கச் செய்வது போல் சிதைக்கும். சவ்வு பழுதுற்றதும் உள்ளிருக்கும் நொதிகள் குருதியில் கசிகின்றன. கல்லீரலுக்கான குருதிச் சோதனையில் மருத்துவர்கள் அளப்பது பெரும்பாலும் இந்தக் கசிவையே.

ஒவ்வோர் உலோகமும் செல்லும் வழி வேறு. காட்மியம் முதலில் கல்லீரலில் தங்கும். அங்கே உலோகப் பிணைப்புப் புரதம் ஒன்று அதனைச் சிறைப்படுத்துகிறது. அப்புரதத்தை 1957ஆம் ஆண்டில் குதிரையின் சிறுநீரகத்திலிருந்து விஞ்ஞானிகள் பிரித்தெடுத்தனர். பின்னர் அது மெல்ல மெல்லச் சிறுநீரகத்திற்குப் பெயர்ந்து பல்லாண்டுகள் அங்கேயே குடியிருக்கும். ஆர்சனிக்கை மாற்றியமைத்துச் சிறுநீரில் கழியச் செய்வது பெரும்பாலும் கல்லீரலின் வேலை. காரீயமோ குருதியில் ஒரு மாதம் போலத் திரிந்து, பின்னர் எலும்பில் புகுந்து பல பத்தாண்டுகள் பதுங்கியிருக்கும். வளர்ந்தோர் உடலில் உள்ள காரீயத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எலும்பில்தான் இருக்கிறது. அது மிகக் கொடுமையாகத் தாக்குவது குருதியையும், சிறுநீரகத்தையும், எல்லாவற்றிற்கும் மேலாகக் குழந்தையின் மூளையையுமே. கல்லீரல் ஒன்றைக் காத்துவிட்டால் உடல் முழுவதையும் காத்தவராவோம் என்று எண்ணுவதற்கில்லை.

மூலிகை எங்கே துணை நிற்கிறது? கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி, மூக்கிரட்டை, மஞ்சள், நெல்லி, பூண்டு முதலியவற்றின் சாரங்களை வைத்து இந்தியாவிலும், எகிப்து, நைஜீரியா முதலிய நாடுகளிலும் ஆராய்ச்சிகள் பல நடந்துள்ளன. அவற்றின் முறை பெரும்பாலும் ஒன்றே. வெள்ளெலிகளைச் சில குழுக்களாகப் பிரிப்பர். ஒரு குழுவுக்கு நல்ல நீரும் உணவும் மட்டும். இன்னொன்றுக்குக் காரீய உப்போ காட்மிய உப்போ. வேறொன்றுக்கு அவ்வுப்போடு மூலிகைச் சாரமும். சில வாரங்கள் கழித்துக் குருதியில் கசிந்த நொதிகளையும் கல்லீரலில் எஞ்சிய குளுட்டாதயோனையும் அளப்பர். கல்லீரலின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் நோக்குவர். மூலிகை உண்ட எலிகளின் கல்லீரல் குறைந்த சேதமே அடைந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன.

இதன் காரணமும் ஓரளவு விளங்கியுள்ளது. இத்தாவரங்களில் உள்ள துவர்ப்புப் பொருள்களும் நிறப் பொருள்களும் அந்தத் தீவிரத் துணுக்குகளைத் தணிக்கவல்லவை. உயிரணு தன் குளுட்டாதயோனைப் பெருக்கிக்கொள்ளுமாறு சில தூண்டுகின்றன. சில உலோகத்தைச் சற்றே பற்றவும் செய்யும். எனவே கல்லீரல் தாக்குண்ணும் வேளையில் மூலிகை அதற்குக் கேடயம் ஏந்துகிறது எனலாம். நம் முன்னோர் கண்ட பயன் வெறும் கற்பனையன்று என்பதற்கு இது சான்று.

ஆயினும் கேடயம் வேறு, பகைவனை ஊரைவிட்டு வெளியேற்றுவது வேறு. இவ்வாராய்ச்சிகளைப் படிக்கும்போது இரண்டு செய்திகளை மனத்தில் இருத்த வேண்டும். முதலாவது காலம். பெரும்பாலும் மூலிகையை நஞ்சுக்கு முன்னரோ நஞ்சுடன் சேர்த்தோ கொடுக்கின்றனர். மனிதர் வாழ்க்கையிலோ நஞ்சு பல்லாண்டு சேர்ந்த பின்னரே நாம் விழித்துக்கொள்கிறோம். இரண்டாவது அளவு. எலியின் எடை ஒரு கிலோகிராமுக்கு 200 மில்லிகிராம் சாரம் என்பது இவ்வாய்வுகளில் சாதாரணமாகக் காணும் அளவு. 60 கிலோகிராம் எடையுள்ள மனிதருக்கு அதனை அப்படியே பெருக்கினால் நாளொன்றுக்கு 12 கிராம் வரும். எலியின் உடல் வேகத்தையும் மனிதனின் உடல் வேகத்தையும் ஒப்பிட்டு மருந்தியலார் ஆறில் ஒரு பங்காகக் குறைப்பர். அப்போதும் 2 கிராம் ஆகிறது. இஃது உலர்ந்த சாரத்தின் எடை. பத்துப் பங்கு இலைக்கு ஒரு பங்கு சாரம் கிடைப்பதாக வைத்துக்கொண்டால், 20 கிராம் உலர்ந்த இலை வேண்டும். நினைத்தபோது கிள்ளி மெல்லும் நாலு கொழுந்தும் ஆராய்ச்சி சாலையில் அளந்து கொடுத்த சாரமும் ஒன்றல்ல.

மனிதரிடம் சோதித்துப் பார்த்தனரா என்று கேட்கலாம். கீழாநெல்லியைப் பொறுத்தவரை தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு வரலாறு இங்குண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். பி. தியாகராஜனும், நோபெல் பரிசு பெற்ற பாருக் பிளம்பர்க்கும், அவர்தம் குழுவினரும் 1988ஆம் ஆண்டில் ‘லான்செட்’ மருத்துவ ஏட்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஹெபடைடிஸ் பி என்னும் கல்லீரல் வைரஸைச் சுமந்திருந்தோருள் கீழாநெல்லிப் பொடி உட்கொண்ட 37 பேரில் 22 பேரிடமிருந்து அவ்வைரஸின் மேலுறை அடையாளம் மறைந்ததென்றும், வெறும் பொய்ம்மருந்து உட்கொண்ட 23 பேரில் ஒருவரிடமே மறைந்ததென்றும் அதில் கண்டிருந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் பின்னர் நடந்த சோதனைகளில் அப்பயன் கிட்டவில்லை. எந்த இனச் செடி, எந்த மண்ணில் வளர்ந்தது, எவ்வாறு பதப்படுத்தியது என்னும் வினாக்கள் எழுந்தன. ஒரே பெயரில் சந்தைக்கு வரும் கீழாநெல்லியில் அதன் உறவுச் செடிகள் பலவும் கலந்து விடுகின்றன என்பது நாம் மறக்கலாகாத பாடம்.

அந்த ஆய்வு வைரஸைப் பற்றியது, உலோகத்தைப் பற்றியதன்று. உலோக நஞ்சில் மனிதரிடம் நடந்த சோதனைகள் மிகச் சில. ஈரான் நாட்டில் மின்கலத் தொழிற்சாலைத் தொழிலாளர் 117 பேரைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு 2012ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஒரு சாராருக்குப் பூண்டு மாத்திரையும், மறு சாராருக்குப் பெனிசிலமின் என்னும் மருந்தும் 4 வாரம் கொடுத்தனர். இரு சாராரிடமும் குருதிக் காரீயம் குறைந்தது. பூண்டு உண்டோரிடம் குறைவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. தலைவலி முதலிய துன்பங்களும் தணிந்தன. நம்பிக்கையூட்டும் செய்திதான். ஆயினும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் எஞ்சியது ஐந்தில் நான்கு பங்கு என்பதையும் கணக்கிட வேண்டும்.

மேற்கு வங்காளத்தில் ஆர்சனிக் கலந்த கிணற்று நீரைக் குடித்து வந்த மக்களுக்கு மஞ்சளின் சாரமான குர்க்குமினைக் கொல்கத்தா ஆராய்ச்சியாளர்கள் 3 மாதம் கொடுத்துப் பார்த்தனர். அவர்களுடைய வெள்ளணுக்களின் மரபுப் பொருளில் நேர்ந்த சேதம் குறைந்ததாக 2010ஆம் ஆண்டில் அறிவித்தனர். இதுவும் கேடயத்தின் செயலே. நஞ்சு கலந்த கிணறு அப்படியே இருக்குமாயின், நாளைக்கும் அடுத்த நாளைக்கும் கேடயம் ஏந்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

மஞ்சளைப் பற்றிய பேச்சில் வியப்பும் வேதனையும் தரும் செய்தி ஒன்று உண்டு. ஆராய்ச்சி சாலையில் கல்லீரலைக் காக்கும் அதே மஞ்சள், சந்தையில் காரீயத்தைச் சுமந்து வரும் வண்டியாகவும் ஆகிவிடுகிறது. நிறம் மங்கிய மஞ்சளைப் பளிச்சென்று காட்டுவதற்காக லெட் குரோமேட் என்னும் மஞ்சள் சாயத்தைச் சிலர் பூசுகின்றனர். அது காரீயத்தின் சேர்மம். வங்கதேசத்தில் 2019ஆம் ஆண்டில் இக்கலப்படம் வெளிப்பட்டது. சந்தை மாதிரிகளில் 47 விழுக்காட்டில் அது காணப்பட்டது. அரசும் அறிஞரும் கைகோத்து மக்களை எச்சரித்தனர், குற்றவாளிகளைத் தண்டித்தனர். 2021ஆம் ஆண்டில் கலப்பட மாதிரி ஒன்றும் அகப்படவில்லை. மஞ்சள் ஆலைத் தொழிலாளரின் குருதிக் காரீயமும் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. எந்த மூலிகையும் கொடாமல், நஞ்சு வரும் வாயிலை அடைத்ததனாலேயே கிடைத்த பயன் இது! இந்தியாவிலும் சில நகரங்களின் மஞ்சளில் இக்கலப்படம் உண்டு என்பதை 2024ஆம் ஆண்டின் ஆய்வு காட்டியது. சாங்லியும் ஈரோடும் போன்ற மஞ்சள் சந்தைகளைக் கொண்ட நாட்டில் நாம் கண் விழித்திருக்க வேண்டும்.

மூலிகைக்கும் இதே நியாயம் பொருந்தும். நாம் குளுட்டாதயோனைக் கொண்டு உலோகத்தைப் பிணிப்பது போலச் செடியும் பிணிக்கிறது. குளுட்டாதயோன் துணுக்குகளைக் கோத்துச் செடிகள் செய்துகொள்ளும் அச்சங்கிலியை 1985ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர்கள் கண்டறிந்தனர். பிணித்த நஞ்சை வெளியேற்றச் செடிக்குச் சிறுநீரகம் இல்லை; தன் இலையிலும் வேரிலும் பூட்டி வைத்துக்கொள்கிறது. பாணேரை ஒட்டி ஓடும் ராம் நதியும், அது கலக்கும் முளா ஆறும் நகரத்தின் கழிவுநீரைச் சுமப்பவை. அத்தகைய ஆற்றங்கரையிலோ, வண்டிகள் ஓயாது செல்லும் வீதியோரத்திலோ, கட்டடக் குப்பை கொட்டிய மனையிலோ முளைத்த செடி, அம்மண்ணில் உள்ளதையும் சேர்த்தே உறிஞ்சியிருக்கும். கல்லீரலைக் காக்க வேண்டிப் பறித்த கீழாநெல்லியே காரீயத்தைக் கொண்டுவந்து சேர்க்குமானால், அது வேலியே பயிரை மேய்ந்த கதையாகும்.

கடையில் வாங்கும் மருந்துக்கும் எச்சரிக்கை வேண்டும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற இந்திய மருந்துகள் 70ஐச் சோதித்ததில் 14இல் காரீயமோ, பாதரசமோ, ஆர்சனிக்கோ இருந்ததாக 2004ஆம் ஆண்டில் அறிவித்தனர். சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் உலோகங்களை முறைப்படி நீற்றிச் செய்யும் பற்பமும் செந்தூரமும் ஒரு தனிப் பிரிவு. தேர்ந்த மருத்துவரின் கண்காணிப்பு இன்றி அவற்றைத் தொடுதல் தகாது. வெறும் மூலிகை மருந்துக்கு நம் நாட்டில் வரம்பு விதித்துள்ளனர்: பத்து லட்சம் பங்கில் காரீயம் 10 பங்கு, ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 பங்குக்கு மேல் இருத்தலாகாது. உரிம எண்ணும் தயாரிப்பாளர் முகவரியும் இல்லாத பொடியை வாங்கும்போது இவ்வரம்பைக் காப்பார் யார்?

மூலிகை என்றால் கேடில்லை என்பதும் முழு உண்மையன்று. 2020ஆம் ஆண்டின் பிற்பகுதியில், கொள்ளை நோய் பரவிய காலத்தில், நோயெதிர்ப்பு வேண்டிச் சீந்தில் அருந்திய 6 பேருக்குக் கல்லீரல் அழற்சி கண்டதை மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தனர். மராட்டியர் ‘குளவேல்’ என்று கூறும் கொடி அது. சீந்தில் தீங்கற்றது, வேறு கொடியோடு மயங்கியிருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. எது உண்மையாயினும், அளவும் அடையாளமும் அறியாமல் நாள்தோறும் ஒன்றை அருந்துவது கல்லீரலைக் காக்கும் வழியாகாது என்பது தெளிவு.

அங்ஙனமாயின் உடலில் புகுந்த உலோகத்தை வெளியேற்ற வழியே இல்லையா? உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது ஆர்சனிக் கலந்த நச்சுப் புகைக்கு மாற்றுத் தேடிய ஆக்ஸ்போர்டு விஞ்ஞானிகள், கந்தகத்தை இருபுறமும் ஏந்திய ஒரு மருந்தை உருவாக்கினர். நண்டு தன் கொடுக்குகளால் இரையைப் பற்றுவது போல அஃது உலோகத்தைப் பற்றிச் சிறுநீரில் கொண்டுபோய்விடும். அதன் வழித்தோன்றல்கள் இன்று மருத்துவமனைகளில் உள்ளன. அவை கன உலோகத்தோடு உடலுக்கு வேண்டிய துத்தநாகம் முதலியவற்றையும் அள்ளிச் செல்லக்கூடும். ஆதலால் குருதிச் சோதனை செய்து, தேவை கண்டு, மருத்துவரே கொடுக்க வேண்டும். நஞ்சு வரும் வழியை அடைக்காமல் இம்மருந்தை உண்பதும் ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதே.

வழிகள் யாவை? நம் வீட்டிலிருந்தே தொடங்குவோம். ரசத்திற்கென ஈயச் சொம்பைத் தாய்வீட்டுச் சீராகக் கொண்டுவந்த குடும்பங்கள் பல. அது வெள்ளீயத்தால் ஆனதாயின் அச்சமில்லை. தமிழில் வெள்ளீயத்தையும் காரீயத்தையும் ஈயம் என்ற ஒரே சொல்லால் குறிப்பதனால் ஏமாற்றத்திற்கு இடம் உண்டாகிறது. மலிவான காரீயம் கலந்த சொம்பில் புளிக்கரைசல் கொதிக்கும்போது, அப்புளிப்பே காரீயத்தைக் கரைத்துத் தரும். பித்தளைப் பாத்திரத்திற்குப் பூசும் கலாயும் தூய வெள்ளீயமாக இருத்தல் வேண்டும். பழைய உலோகத் துண்டுகளை உருக்கி வார்த்த மலிவு அலுமினியப் பாத்திரத்தில் புளிப்பான பண்டம் சமைத்தலைத் தவிர்ப்பது நலம். மஞ்சள் வாங்குகையில் கண்ணைப் பறிக்கும் மெருகைக் காட்டிலும் மெருகேற்றாத, மங்கிய கிழங்கே மேல். குங்குமமும் கண்மையும் குழந்தையின் கைக்கும் வாய்க்கும் எட்டாதிருக்கட்டும். வீட்டு வண்ணப்பூச்சில் காரீயம் 90 பங்குக்கு மேல் இருத்தலாகாது என்னும் விதி நம் நாட்டில் 2017ஆம் ஆண்டு நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட சுவரின் உதிர்ந்த பூச்சை ஈரத்துணியால் துடைத்தெடுத்தல் வேண்டும், உலரச் சுரண்டலாகாது.

உலோகத் தொழில் செய்யும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. முகமூடியும் கையுறையும் தொழிற்சாலையில் கேட்டுப் பெற வேண்டிய உரிமைகள். வேலைத் துணியோடு வீடு திரும்பாதீர்கள். அங்கேயே குளித்து மாற்றுடை அணிவது முறை. அது கூடாதெனில், வீட்டு வாயிலிலேயே துணியைக் களைந்து தனியே துவைக்க வேண்டும். கை கழுவாமல் உண்பதும், பட்டறையில் அமர்ந்து தேநீர் அருந்துவதும் காரீயத்தைக் கரண்டியால் எடுத்து உண்பதற்கு நிகர். வளர்ந்தோர் குடல், உட்செல்லும் காரீயத்தில் பத்தில் ஒரு பங்கு போல் உறிஞ்சினால், இளங்குழந்தையின் குடல் ஏறத்தாழப் பாதியை உறிஞ்சிவிடும். தந்தையின் சட்டையில் படிந்த தூசு குழந்தைக்கு எத்துணைக் கேடு என்பதை இதனால் உணரலாம். இந்தியாவில் மட்டும் 27 கோடிக்கு மேற்பட்ட குழந்தைகளின் குருதியில் காரீயம் கவலைக்குரிய அளவில் உள்ளதென யுனிசெஃப் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது.

ஐயம் எழுந்தால் செய்ய வேண்டிய சோதனை எது என்பதிலும் தெளிவு தேவை. கல்லீரல் சோதனை சரியாக இருக்கிறது, ஆகவே உடலில் உலோகம் இல்லை என்று முடிவு கட்டுதல் தவறு. கசிவு தோன்றாமலே காரீயம் குருதியில் இருக்கக்கூடும். “குருதியில் காரீயத்தின் அளவைப் பார்க்க வேண்டும்” என்று மருத்துவரிடம் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். 1 டெசிலிட்டர் குருதியில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், நஞ்சு வரும் வழியைத் தேடி அடைக்க வேண்டுமென்று உலகச் சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டில் நெறி வகுத்தது. பத்து வயதுக்குட்பட்ட குழந்தையிடம் 45 மைக்ரோகிராமை எட்டினால் கொடுக்கு மருந்தைப் பரிந்துரைக்கிறது. இவ்விரு எண்களுக்கும் இடைப்பட்ட பெருவெளியில் முதன்மையான மருத்துவம், வழியடைத்தலே என்பதை நோக்குக.

அதற்கு அடுத்த துணை உணவு. இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடல், அவற்றுக்கு மாறாகக் காரீயத்தை ஆவலோடு உறிஞ்சுகிறது. ஆதலால் வெறும் வயிற்றோடு வேலைக்குச் செல்லுதல் ஆகாது. நாம் கேழ்வரகு என்பதை மராட்டியர் ‘நாச்ணி’ என்பர். முருங்கையை ‘சேவ்கா’ என்பர். இரண்டும் புனேயின் கடைத்தெருவில் தாராளமாகக் கிடைக்கின்றன. கேழ்வரகுக் கூழும் முருங்கைக் கீரையும் பாலும் பயறும், இரும்பு உடலில் சேரத் துணைபுரியும் நெல்லியும் எலுமிச்சையும் உணவில் இடம் பெறட்டும். கீரையை நன்கு அலசுவதும், ஆற்றங்கரைக் கழிவுநீரில் விளைந்ததைத் தவிர்ப்பதும் நல்லது.

இனிக் கீழாநெல்லிக்கு உரிய இடம் யாது என்பதைச் சொல்லி முடிப்போம். அதனை இகழ வேண்டுவதில்லை; அது தாங்க மாட்டாத சுமையை அதன் தலையில் ஏற்றவும் வேண்டுவதில்லை. நஞ்சு வரும் வாயிலை அடைத்து, குருதியைச் சோதித்து, மருத்துவர் சொல் கேட்டு நடப்பவருக்கு, தூய மண்ணில் வளர்ந்து சரியாக இனம் காணப்பட்ட மூலிகை, தகுதியுள்ள சித்த மருத்துவரின் அளவுப்படி துணை நிற்கலாம். வேறு மருந்து உண்போர் அதனை இரு மருத்துவரிடமும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கருவுற்ற பெண்களும் குழந்தைகளும் தாமாக எதையும் அருந்துதல் கூடாது. மஞ்சட் காமாலை கண்டாலும், காரணத்தைக் கண்டறிந்த பின்னரே மருந்து. தானே தணியும் காமாலையும் உண்டு. உயிருக்கு இறுதி தேடும் காமாலையும் உண்டு.

அடுத்த மழையில் பாணேர்க் குன்றின் சரிவில் அச்சிறு செடியைக் காணும்போது, ஊர் நினைவோடு நின்று பாருங்கள். குழந்தைகளுக்கும் அதன் பெயரைச் சொல்லிக் கொடுங்கள். பாணேரில் வீடு கட்டி வாழ்வோர் தொட்டியிலே நல்ல மண்ணிட்டு ஒரு கன்றை வளர்த்தாலும் தவறில்லை. ஆனால் அன்று மாலை தொழிற்சாலையிலிருந்து திரும்புபவர் தம் வேலைத் துணியை வாயிலிலேயே களைந்து, கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்னரே குழந்தையைத் தூக்கட்டும். அன்று அவ்வீட்டில் நடந்த முதல் மருத்துவம் அதுவே.